கொடிவணக்கம் செய்யாத குழந்தைகள்

1844-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செயின்ட் மைக்கேல், செயின்ட் அகஸ்டின் என்ற இரண்டு கத்தோலிக்கத் தேவாலயங்கள் தீக்கிரையாயின. தீ வைத்தவர்களும் கிறிஸ்தவர்களே. அந்த மாதத்திலும், கலவரம் மறுபடி வெடித்த ஜூலையிலும் சேர்த்து இருபது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளிகள் மீது உள்ளூர்க்காரர்களுக்கு வெறுப்பு நெடுநாளாகக் கனன்றுகொண்டிருந்தது. அதை ஊதிப் பற்றவைத்தது ஒரு பள்ளிக்கூட விவகாரம். அரசுப் பள்ளியில் காலையில் எந்த பைபிளை வாசிப்பது என்பதுதான் அது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான, வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றிய காலம் அது. 1837-இல் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் முதல் செயலாளரான ஹோரஸ் மான், பள்ளியில் எந்தச் சபையின் கோட்பாட்டையும் போதிக்கக் கூடாது என்றார். ஆனால் பைபிளை விளக்கவுரை சொல்லாமல் அப்படியே வாசிக்கலாம், அதில் யாருக்கும் மனக்குறை வராது என்று நம்பினார். மனக்குறை வந்தது. பள்ளிகளில் வாசித்தது புராட்டஸ்டன்டுகளின் கிங் ஜேம்ஸ் பைபிள். கத்தோலிக்கர்கள் டூவே பைபிளை ஏற்றவர்கள். குருவின் விளக்கம் இல்லாமல் வேதத்தை வாசிப்பதே அவர்களுக்கு வேற்றுச் சபையின் வழக்கம். பெரும்பான்மையினருக்குப் பொதுவானதாகத் தெரிந்த ஒன்று சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்கு மதமாற்றமாகத் தெரிந்தது. பிலடெல்பியா ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் 1842 நவம்பரில் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது பெரிய சலுகை அல்ல. எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்கட்டும், வேற்றுச் சபையின் வழிபாட்டிலிருந்து அவர்களை விட்டுவிடுங்கள் என்றார். நிர்வாகமும் இறங்கிவந்தது. ஆனால் கத்தோலிக்கர்கள் பள்ளியிலிருந்து பைபிளையே துரத்தப் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு பரவியது. அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் தேவாலயங்கள் எரிந்தன.

பதினைந்து ஆண்டு கழித்து, 1859 மார்ச்சில், பாஸ்டன் நகரின் எலியட் பள்ளியில் தாமஸ் வால் என்ற சிறுவன் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்க மறுத்தான். அவனுக்குப் பத்து, பதினோரு வயதுதான் இருக்கும். கட்டளைகளை அவன் அறியாதவன் அல்லன். ஆனால் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் அவற்றை எண்ணும் விதமே வேறு. விக்கிரகங்களைச் செய்யக் கூடாது என்பதைப் புராட்டஸ்டன்டுகள் தனிக் கட்டளையாக எண்ணுகிறார்கள். கத்தோலிக்கர்கள் அதை முதல் கட்டளைக்குள் அடக்குகிறார்கள். மாதாவின் சுரூபத்தின் முன் மண்டியிட்டு வளர்ந்த பையனிடம் புராட்டஸ்டன்ட் பாடத்தை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். துணை ஆசிரியர் ஒருவர் பிரம்பை எடுத்தார். அரைமணி நேரம் விட்டுவிட்டு அவன் கைகளில் அடித்தார். அந்த வாரத்தில் நூற்றுக்கணக்கான கத்தோலிக்கச் சிறுவர்கள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆசிரியர் மீது தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. பள்ளியின் ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்பதே நீதிமன்றம் சொன்ன நியாயம்.

இது முடிந்துபோன பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் லூசியானா மாநிலம், ஒவ்வொரு அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. எந்த வாசகம் தொங்க வேண்டும் என்பதையும் சட்டமே எழுதிக்கொடுத்தது. அது கிங் ஜேம்ஸ் பைபிளைத் தழுவிய வாசகம். இத்தனைக்கும் கென்டக்கி மாநிலத்தின் இதே போன்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980-லேயே செல்லாது என்று தள்ளியிருக்கிறது. லூசியானா சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட பெற்றோர்களில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இருந்தார்கள். மத நம்பிக்கை இல்லாதவர்களும் இருந்தார்கள்.

பிரம்படி வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டது. 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர் மாமன்றம், ஒவ்வொரு தேவாலயப் பங்கும் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளிகள் அவ்வளவு பெரிய வலையமைப்பாகப் பெருகியதற்கு அரசுப் பள்ளி வாசலில் பட்ட அவமானம் ஒரு பெரிய காரணம். வேறு சில ஊர்களில் நீதிமன்றங்கள் துணைக்கு வந்தன. விஸ்கான்சின் மாநிலத்தின் எட்ஜர்டன் என்ற சிற்றூரில் கத்தோலிக்கப் பெற்றோர் தொடுத்த வழக்கில், பள்ளியில் பைபிள் வாசிப்பது வழிபாடே, அது கூடாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1890-இல் தீர்ப்பளித்தது. ஆனால் நாடு முழுவதற்குமான தீர்ப்பு வர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. அது வந்ததும் பைபிளை ஒட்டி அல்ல, தேசியக் கொடியை ஒட்டி.

கொடிக்கு முன் நின்று சொல்லும் உறுதிமொழியை 1892-இல் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் போதகர் சிறுவர் பத்திரிகை ஒன்றுக்காக எழுதினார். கொலம்பஸ் வந்து 400 ஆண்டு நிறைந்த கொண்டாட்டத்துக்கென எழுதியது, பள்ளிகளின் அன்றாடச் சடங்காக நிலைத்துவிட்டது. அந்நாளில் சொல்லும்போது வலக்கையைக் கொடியை நோக்கி நேராக நீட்ட வேண்டியிருந்தது. 1930-களில் ஜெர்மனியில் ஹிட்லருக்குச் செய்த வணக்கமும் ஏறத்தாழ இதே வடிவம்தான். அங்கே அதைச் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் வதைமுகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடவுளைத் தவிர எந்த உருவத்துக்கும் வணக்கம் செலுத்தலாகாது என்ற யாத்திராகமத்தின் கட்டளையை எழுத்துக்கு எழுத்து கைக்கொள்ளும் சபை அது. அமெரிக்காவில் அந்தச் சபையின் தலைவர் ரதர்ஃபோர்ட், 1935 அக்டோபரில் வானொலியில் பேசும்போது, கொடிவணக்கம் செய்ய மறுத்த மாசசூசெட்ஸ் மாணவன் ஒருவனைப் பாராட்டினார்.

பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான மைனர்ஸ்வில்லில் அந்தப் பேச்சு கோபிடஸ் குடும்பத்தின் காதில் விழுந்தது. மளிகைக் கடை நடத்தும் குடும்பம். மகள் லில்லியனுக்கு 12 வயது, வகுப்புத் தலைவி. தம்பி வில்லியமுக்கு 10. அக்டோபர் 22 அன்று வில்லியம் வணக்கம் செய்யாமல் நின்றான். ஆசிரியை அவன் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்; அவன் கால்சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டான். மறுநாள் அக்காவும் அப்படியே நின்றாள். ‘நான் நாட்டை நேசிக்கவில்லை என்பதால் அல்ல, நாட்டையும் நேசிக்கிறேன், கடவுளை அதைவிட நேசிக்கிறேன்’ என்ற பொருளில் வில்லியம் பள்ளி நிர்வாகத்துக்குத் தன் பிள்ளைக் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினான். இரண்டே வாரத்தில் இருவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். மைனர்ஸ்வில் கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர் என்பது நெஞ்சை உறுத்தும் சேதி. தாத்தா காலத்தில் தங்களுக்கு நேர்ந்ததை அவர்கள் பேரன் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நேரவிட்டார்கள்.

கீழ் நீதிமன்றத்தில் குடும்பம் ஜெயித்தது. தீர்ப்பளித்த ஆல்பர்ட் மாரிஸ் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. உச்ச நீதிமன்றத்தில் 1940 ஜூன் 3 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் தப்பி ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் வியன்னாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்த யூதர். பள்ளிக்கூடம்தான் தம்மை அமெரிக்கராக்கியது என்று உளமார நம்பியவர். நாட்டின் ஒற்றுமைதான் பாதுகாப்புக்கு அடிப்படை, கொடிவணக்கம் அந்த ஒற்றுமையை வளர்க்குமா என்பதைப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்யட்டும், நீதிமன்றம் தலையிடாது என்று எழுதினார். மறுத்தவர் ஹார்லன் ஸ்டோன் ஒருவரே. சிறுவர்களின் நம்பிக்கைக்கு மாறான வார்த்தைகளை அவர்கள் வாயிலிருந்து அரசு பிடுங்க முடியாது என்பது அவர் கட்சி.

தீர்ப்பு வந்த ஒரே வாரத்தில் மேய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் சாட்சிகளின் கூட்ட மண்டபம் எரிக்கப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் ஊரில் சாட்சிகள் சிலரைப் பிடித்துவைத்து வலுக்கட்டாயமாக விளக்கெண்ணெய் குடிக்கவைத்து, ஊர்வலமாக நடத்திப்போனார்கள். அதற்குத் துணைநின்றவர்களில் காவல் பொறுப்பில் இருந்தவரும் உண்டு. அந்த ஆண்டு மட்டும் 335 ஊர்களில் ஏறத்தாழ 1,500 சாட்சிகள் தாக்கப்பட்டதாக அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் கணக்கெடுத்தது. அமைதி காக்கும்படி அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வேண்டினார். பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்ட குழந்தைகள் மூன்றே ஆண்டில் 2,000-ஐத் தாண்டினார்கள். உச்ச நீதிமன்றமே இவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டது என ஊர்க்காரர்கள் புரிந்துகொண்டார்கள். நீதிபதி அப்படி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் பெரும்பான்மை கோபமாக இருக்கும் வேளையில், நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்கிறது என்பதை மக்கள் அனுமதி என்றே எடுத்துக்கொள்வார்கள். இதை ஃபிராங்க்ஃபர்ட்டர் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பை நம்பி, 1942 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியா கல்வி வாரியம் கொடிவணக்கத்தை மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கியது. செய்யாத பிள்ளை நீக்கப்படும். நீக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வராதது குற்றம். அதற்குப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஸ்லிப் ஹில் என்ற சிறு பள்ளியில் படித்த கேத்தி, மேரி பார்னெட் சகோதரிகளைப் பள்ளி திருப்பி அனுப்பியது. அதே ஆண்டில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பிளாக், டக்ளஸ், மர்ஃபி ஆகிய மூவர், கோபிடஸ் வழக்கில் நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். கரை உடையும் ஓசை அது. பார்னெட் குடும்பத்தின் சார்பில் வழக்கு ஏறியது. போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூன் 14 அன்று, அமெரிக்கர்கள் கொடி நாள் கொண்டாடும் அதே தேதியில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் குழந்தைகள் ஜெயித்தார்கள். கோபிடஸ் தீர்ப்பு உயிரோடு இருந்தது மூன்று ஆண்டும் பதினொரு நாளும்தான்.

ராபர்ட் ஜாக்சன் எழுதிய அந்தத் தீர்ப்பை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அரசியலிலோ, மதத்திலோ, தேசப்பற்றிலோ எது சரியான கருத்து என்று விதிக்கவும், அதைக் குடிமகன் தன் வாயால் ஒப்புக்கொள்ளும்படி செய்யவும் எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது என்பது அதன் சாரம். எதிர்க்கருத்தை ஒழித்து ஒற்றுமை உண்டாக்கப் புறப்பட்டவர்கள் கடைசியில் கல்லறையின் ஒற்றுமையைத்தான் எட்டினார்கள் என்றும் எழுதினார். ஜாக்சன் தீர்ப்பை மதச் சலுகையாக எழுதவில்லை என்பதுதான் அதில் மிக அருமையான இடம். சாட்சிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு குழந்தையும் தன் வேதத்தைக் காட்டி அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அவர் பேச்சுரிமையின் மீது கட்டினார். பேசும் உரிமை உள்ளவனுக்குப் பேசாதிருக்கும் உரிமையும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டர் இம்முறை எதிர்த்தரப்பில் இருந்தார். வரலாற்றில் மிகவும் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்தவன் நான், சுதந்திரத்தின் அருமை எனக்கும் தெரியும், ஆனாலும் என் மனச்சாய்வைச் சட்டமாக எழுத மாட்டேன் என்று வலியோடு எழுதினார். அவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தவறியவர் அவர்தான்.

பைபிள் பிரச்சினை அப்படியே நின்றது. பென்சில்வேனியாவில் தினமும் பத்து வசனம் வாசிக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 1956 நவம்பர் 26 அன்று அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் எல்லரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவன் நண்பன் வீட்டில் இரவல் வாங்கிய குர்ஆனைக் கொண்டுவந்து, பைபிள் வாசிப்பு நடக்கும்போது மௌனமாக அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். தொடர்ந்த ஜெபத்துக்கும் எழுந்து நிற்கவில்லை. அவன் முஸ்லிம் அல்லன், யூனிட்டேரியன் சபைக் குடும்பத்துப் பையன். ஒரே வேதத்தைத்தான் உயர்த்த வேண்டுமா என்று கேட்பதற்காக வேறொரு வேதத்தை எடுத்தான். அன்று மாலையே பத்து டாலர் நோட்டு ஒன்றை வைத்துக் குடிமை உரிமைகள் சங்கத்துக்குக் கடிதம் எழுதினான். வழக்கு முடிவதற்குள் அவன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். அவனைச் சேர்க்க வேண்டாம் என்று பள்ளி முதல்வர் கல்லூரிக்கே எழுதினார். கல்லூரி கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டது. தம்பியும் தங்கையும் வழக்கைத் தொடர்ந்தார்கள். 1963 ஜூன் 17 அன்று, பள்ளி நடத்தும் பைபிள் வாசிப்பு அரசியல் சாசனத்துக்கு முரண் என்று எட்டுக்கு ஒன்று கணக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, நியூயார்க் மாநில அதிகாரிகளே எழுதிப் பள்ளிகளுக்குக் கொடுத்த ஒரு குட்டி ஜெபமும் இதே காரணத்தால் விழுந்திருந்தது.

உச்ச நீதிமன்றம் கடவுளைப் பள்ளியிலிருந்து துரத்திவிட்டது என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து அமெரிக்க மேடைகளில் ஓயவில்லை. அது உண்மையல்ல. தடுக்கப்பட்டது அரசு எழுதிய ஜெபமும், பள்ளி நடத்திய வாசிப்பும். மாணவன் தன் மேசையில் கண்மூடி ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. சமயங்களை ஒப்பிடுவதற்காகவோ இலக்கியமாகவோ பைபிளைப் பாடமாகப் படிப்பது நல்லதே என்று 1963 தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. நியூயார்க் தீர்ப்பு வந்த வாரத்தில், நாட்டின் முதல் கத்தோலிக்க அதிபரான கென்னடி, வீட்டில் இன்னும் அதிகமாக நாமே ஜெபித்துக்கொள்ளலாமே என்று நிருபர்களிடம் சொன்னார்.

இதே கோட்டின் மறுபக்கமும் பிறகு துலங்கியது. 1984-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, மற்ற மாணவர் மன்றங்களுக்கு இடம் கொடுக்கும் உயர்நிலைப் பள்ளி, மாணவர்களே நடத்தும் சமயக் குழுவுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் ஒரு மாணவி பள்ளி நேரம் முடிந்தபின் பைபிள் குழு நடத்தக் கேட்டு மறுக்கப்பட்டாள். 1990-இல் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. மதத்துக்கு ஆதரவாக அரசு பேசுவது வேறு, மாணவர் பேசுவது வேறு என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் வரையறுத்தார். அந்த வரையறை கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. கலிபோர்னியாவின் லிவிங்ஸ்டனில் சீக்கியக் குழந்தைகள் கிர்பான் என்னும் குறுவாளை அணிந்து வந்தபோது பள்ளி தடுத்தது. உறையைத் தைத்து, சிறியதாக, ஆடைக்குள் அணியலாம் என்ற ஏற்பாட்டை 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. டெக்சாஸின் நீட்வில்லில் லிபான் அப்பாச்சிப் பழங்குடியைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன், குல நம்பிக்கைப்படி நீளமாக வளர்த்த சடையோடு பள்ளிக்கு வந்தான். அதற்காக அவனை மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். 2010-இல் அவனும் ஜெயித்தான்.

பார்னெட் சகோதரிகளின் வெற்றி கடல் கடந்து நம் பக்கமும் வந்தது. 1985 ஜூலையில் கேரளத்தின் கிடங்கூரில் ஒரு பள்ளியில் 10, 9, 5-ஆம் வகுப்புகளில் படித்த உடன்பிறந்த மூன்று பிள்ளைகள், காலை வணக்கக் கூட்டத்தில் ‘ஜன கண மன’ பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அவர்களும் யெகோவாவின் சாட்சிகள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அதைப் பேரவையில் எழுப்பினார். விசாரித்த குழு, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமதிப்பு ஏதும் செய்யவில்லை என்று அறிக்கை தந்தது. அப்படியும் ஜூலை 26 அன்று பள்ளி அவர்களை நீக்கியது. கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார்கள். தீர்ப்பில் கோபிடஸ், பார்னெட் வழக்குகள் இரண்டையும் விரிவாக எடுத்துப் பேசினார் சின்னப்ப ரெட்டி. தேசிய கீதம் பாடுவதைத் தடுப்பதைத்தான் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது, பாடாமல் நிற்பதை அல்ல என்றும் சுட்டினார். சகிப்புத்தன்மை நம் மரபிலும் அரசியல் சாசனத்திலும் ஊறியது, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்ற வேண்டுகோளோடு முடித்தார். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இன்றும் நீதிமன்றங்கள் அதை எடுத்துக்காட்டுகின்றன. கர்நாடகக் கல்லூரிகளின் ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு எழுதியபோது, மாணவிகள் பக்கம் நின்ற நீதிபதி சுதான்ஷு துலியா ஊன்றிக்கொண்டதும் இந்த வழக்கைத்தான். இருவரும் ஒன்றுபடாததால், பெரிய அமர்வுக்கு அனுப்பும்படி வழக்கு தலைமை நீதிபதியின் முன் வைக்கப்பட்டது.

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த வழக்குகளைச் சட்டப் புத்தகத்தில் விட்டுவைக்காமல் ஒருமுறை படிக்க வேண்டும். ஒரு மாணவியின் முக்காடோ, ஒரு மாணவனின் மௌனமோ கண்ணுக்குப் படும்போது, நீக்கல் உத்தரவில் கையெழுத்திடுவதற்கு முன், அந்தக் குழந்தையால் அடுத்த பெஞ்சில் இருப்பவருக்கு என்ன கெடுதல் நேர்ந்தது என்று கேட்கட்டும். மைனர்ஸ்வில் பள்ளி அதைக் கேட்கவேயில்லை.